மேசை மணி

வரலாற்றுக் கருத்தரங்கின் காலை அமர்வில் செல்வக்கனிதான் கடைசி. அவளுக்கு முன் பேசிய மூன்று பேராசிரியர்களும் ஆளுக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டார்கள். தலைமை வகித்த சகாயமேரி அவர்களுக்கு மணி அடிக்கவில்லை. தேயிலைத் தோட்ட வேலைக்கு நடந்துபோன வழியில் காலராவில் இறந்தவர்களைப் பற்றிச் செல்வக்கனி தன் முதல் கட்டுரையை வாசித்துக்கொண்டிருந்தாள். ஆறாவது நிமிடத்தில் ஒருங்கிணைப்பாளர் வந்து சகாயமேரியிடம் குனிந்தார். “மேடம், சாப்பாடு ஆறுது. அடிச்சு விட்டுருங்க.” சகாயமேரி மணியை அடித்தார். பலர் எழுந்தார்கள். செல்வக்கனி இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டிவிட்டு முடிவுரைக்குப் போனாள்.

“அதுல என்னம்மா இருக்கு, தள்ளிட்டே?” என்றார் சகாயமேரி.

“செத்தவங்க பேருதான் மேடம். முப்பத்தெட்டு பேரு. மூணு வருசமாத் தேடினது. பரவால்ல, ஆய்வுக்கோவையில வந்துரும்.”

சகாயமேரி மணியின் மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்தார். “வாசி.”

அவள் வாசித்தாள். பெயர், வயது, ஊர். ஒருங்கிணைப்பாளர் மணியைப் பார்த்தார். அந்தக் கை நகரவில்லை. சாம்பார் வாசனை கதவு வழியே வந்துகொண்டிருந்தது. எழுந்தவர்கள் முதலில் வெளியேறத் தயங்கி நின்றார்கள். பதினோராவது பெயருக்குப் பிறகு, உட்காரவும் தயங்கினார்கள்.