உப்புக் கை

பதினெட்டு வருடமாகக் குழம்புக்கு உப்பை வல்லி கையால்தான் அள்ளிப் போடுகிறாள். அளவு பிசகியதில்லை.

“நாலு நாளா உப்பு கம்மியாவே போடுற. நம்ம வீட்ல யாருக்குப் பிரஷர்?” என்று கேட்டான் கணவன் கதிரேசன்.

பிரஷர், அலுவலகத்தில் அவள் டிபன் பாக்ஸில் பாதியைச் சாப்பிடும் ஜெயசீலனுக்கு. அவனுக்காக என்று அவள் குறைக்கவில்லை. கை தானாகக் குறைத்திருந்தது.

மறுநாள் உப்பு ஜாடிக்குள் கையை விட்டு அப்படியே நின்றாள். பழைய அளவு விரல்களுக்கு நினைவில்லை. குழம்பு தளதளவென்று கொதித்தது. அள்ளிப் போட்டாள். போதவில்லையோ என்று பயந்து மறுபடியும் அள்ளினாள். மறுபடியும்.

கதிரேசன் முதல் வாயிலேயே நிறுத்தி அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டுத் தட்டை நீட்டினான்.

“இன்னும் கொஞ்சம் ஊத்து.”