குடலில் ஒரு கவளம்

ஊசியை மிக மெல்ல இழுத்தாள்.

நுண்நோக்கியின் கீழே மஞ்சள் சேற்றுக்கல் பொடியாய் உதிர்ந்தது. உள்ளே அரைவிரல் நீளத்தில் ஒரு கணுக்காலி. இறாலுக்கும் பூரானுக்கும் தூரத்துச் சொந்தம். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு கடலடியில் மேய்ந்துகொண்டிருந்தது. சேறு சரிந்து மூடிவிட்டது.

ஓடு கிடைப்பது பெரிய விஷயமில்லை. மென்மையானதுதான் முதலில் அழுகிப்போகும். சீனத்து மலையின் இந்தக் கல்லில் அதுவும் தங்கியிருக்கிறது.

இன்று குடல் தெரிந்தது.

உடல் நெடுகக் கறுத்த ஒரு கோடு. நடுவில் சின்னப் புடைப்பு.

கடைசியாகத் தின்றது.

ஆய்வகத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

போன மாதம் அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். விமானம் பிடித்து மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபோது சாம்பலில் எலும்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வளவுதான் மிச்சம்.

இந்தப் பூச்சி என்ன தின்றது என்று அவளால் சொல்லிவிட முடியும். பெற்றவள் என்ன சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள் என்று தெரியாது. என்ன படிப்பு படித்தோமோ.

வெளியே வந்து தம்பிக்குப் போன் போட்டாள்.

“பரிதி, அம்மா கடைசியா என்னடா சாப்டுச்சு?”



“தயிர்ச்சோறும் நார்த்தங்கா ஊறுகாயும். ஒனக்குப் போன் போடாம அது என்னைக்குக்கா தட்டு முன்னாடி ஒக்காந்துருக்கு? நீ சாப்டேன்னு சொன்னப்பறம்தான் ஒக்காந்துச்சு. அன்னைக்கு ரெண்டாந்தடவையும் போட்டு நல்லா சாப்டுச்சு.”

அன்று அவள் சாப்பிட்டிருக்கவில்லை.

இதே கல்லின் முன்னால், கையில் ஊசியோடு இருந்தாள். அம்மா போனை வைத்தால் போதும் என்றிருந்தது. வழக்கம்போல ஒரு பொய். சொன்னதற்காக ஒருநாளும் வருந்தியதில்லை. இப்போது, நல்லவேளை சொன்னோம் என்றிருந்தது. அதற்குத்தான் அழுதாள்.

முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு டப்பா காலையில் வைத்த இடத்திலேயே, திறக்காமல் இருந்தது.

பக்கத்து மேசை லின் எழுந்து போகிறபோது சீனத்தில் கேட்டாள். இந்த ஊரிலும் அதையேதான் கேட்கிறார்கள்.

“சாப்பிட்டாயா?”

அவள் கண்ணை லென்ஸிலிருந்து எடுக்கவில்லை.

“ஆச்சும்மா,” என்றாள், தமிழில். “நீ சாப்புடு.”