நான்காவது போல்ட்

பழைய ராணுவ ஜீப்பில் ரேடியோ மாட்டும் இரும்பு ஸ்டாண்டைத் துருநீக்கி, பெயிண்ட் அடித்துப் பொருத்திக்கொண்டிருந்தார் வெல்டர். மூன்று போல்ட்டுகள் ஒழுங்காக ஏறின. நான்காவதை இறுக்கியதும் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு ஆள் அலறினான்.

மனைவி ஓடி வந்தாள். "கையைக் குடுத்துட்டீங்களா?"

"நான் இல்லடி."

போல்ட்டைத் தளர்த்தினார். அலறல் நின்றது. கழற்றிப் பார்த்தார்கள். அடியில் யாரும் இல்லை. தகட்டில் சூடான ரத்தம் மட்டும் வழிந்தது. துடைத்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் லூசாகவே விட்டார்.

மதியம் ஜீப்பின் சொந்தக்காரர் வந்தார். போர்க்காலத்தில் சிப்பாயாக அதே வண்டியில் போனவர். ஸ்டாண்டை அசைத்துப் பார்த்து, "ஆடுதே" என்று ஸ்பேனரை எடுத்தார்.

"வேண்டாம் சார்" என்று வெல்டர் பாய்வதற்குள் அவர் நான்காவது போல்ட்டை முழுப் பலத்தோடு முறுக்கினார். அலறல் கிளம்பியது, எலும்பு நொறுங்கியது, பிறகு சத்தமே இல்லை.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொந்தக்காரர் கையில் தெறித்த ரத்தத்தைக் கால்சட்டையில் துடைத்தார். "அப்பவும் இப்படித்தான். கூட ரெண்டு சுத்து முறுக்கினாத்தான் அடங்கும்."