எலும்பும் ஈரலும்

"மார்க்கெட்டெல்லாம் பொம்பளைங்க வர்ற எடமில்ல" என்று ஜெகபர் அலி கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். இன்று அவருக்கே காய்ச்சல். சூப்புக்கு எலும்பு வாங்க, அவர் மனைவி ஹாஜிரா வெள்ளைத் துப்பட்டியால் முகத்தை மூடிக்கொண்டு, முதல்முறையாகக் காந்தி மார்க்கெட்டுக்குள் நுழைந்தாள்.

இரைச்சலுக்கு நடுவே விசாரித்து, அவர் வழக்கமாக வாங்கும் கறிக்கடைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"ஜெகபர் அலி வீட்டுலேருந்து வரேன். சூப்புக்கு எலும்பு குடுங்க."

கடைக்காரர் காஜா மைதீன் முகம் மலர்ந்தார். "வாங்கம்மா, வாங்க! ஈரல் வேணாமா? வீட்டுல ஈரல்னா உசிருன்னு வெள்ளிக்கிழமை தவறாம பாய் வாங்கிட்டுப் போவாரே?"

ஹாஜிராவின் வீட்டுக்கு ஈரல் வந்ததே இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அவர் துறையூரில் வியாபாரம் என்று போய்விடுவார்.

"எலும்பு போதுங்க."

காஜா மைதீன் வெட்டிக்கொண்டே பேசினார். "நீங்க வந்தப்புறந்தாம்மா அவரு மொகத்துல சிரிப்பையே பாக்குறோம். மொத சம்சாரம் மௌத்தாப் போனப்ப அப்படி அழுதாரு. நாப்பதாம் நாள் பாத்திஹாவுக்குக் கறி நான்தான் சும்மா குடுத்தேன்."

ஹாஜிரா எலும்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து சூப்பு வைத்தாள்.

ஜெகபர் அலி ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார். "கடையில ஏதாச்சும் சொன்னாங்களா?"

"சொன்னாரு. என் நாப்பதாம் பாத்திஹாவுக்குச் சும்மாவே கறி குடுத்தாராமே? அதுலயாவது ஈரல் இருந்துச்சா?"