ஆன் செய்ததும் வரும் பெயர்

"சிப் செத்துப்போச்சு சார்," என்றாள் லேப்டாப் பழுதுபார்க்கும் ஜெசிந்தா, சதாசிவத்தின் முகத்தைப் பார்க்காமல். "வேற பயாஸ், அதான் ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுற புரோகிராம், ஏத்துனா லேப்டாப் ஓடும். உங்க பொண்ணு பேரு வராது."

ஆன் செய்ததும் கறுப்புத் திரையின் கீழே அகல்யா என்று வரும். கல்லூரியில் படித்தபோது அவளே அமைத்துக்கொண்டது. அவள் இறந்த பிறகு, சதாசிவம் தினமும் காலையில் அதை ஆன் செய்து பார்த்துவிட்டு மூடிவைப்பார்.

"அது வரலைன்னா எனக்கு எதுக்கும்மா லேப்டாப்பு?"

ஜெசிந்தா சாலிடரிங் அயனைத் துடைத்தாள். பழுதுக்கு வரும் ஒவ்வொரு போர்டின் பயாஸையும் முதலில் நகலெடுத்து, மாடல் எண்ணைப் போட்டுச் சேமித்துவைப்பாள். அதே மாடலில் இன்னொன்று உயிரில்லாமல் வந்தால் அந்த நகலை ஏற்றுவாள். நகலோடு பழைய சொந்தக்காரர் அமைத்த பெயரும் வரும்; ஏற்றுமுன் அதை அழித்துவிட வேண்டும்.

அப்போது குமரவேல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"மேடம், போன வாரம் ரெடி பண்ணிக் குடுத்தீங்களே, அதுல யாரோ ஒரு பொண்ணு பேரு வருது. வீட்ல எனக்குச் சோறு விழுந்து மூணு நாளாச்சு. மொதல்ல அதை அழிங்க."

லேப்டாப்பை மேசைமேல் வைத்து ஆன் செய்தான். கறுப்புத் திரையின் கீழே அகல்யா என்று வந்தது, மறைந்தது.

சென்ற வருடம் தேநீர் கொட்டிய லேப்டாப்பைத் துப்பட்டாவால் துடைத்தபடி வந்த பெண் ஜெசிந்தாவுக்கு நினைவு வந்தாள். அன்று எடுத்த நகலைத்தான் பெயரை அழிக்காமல் குமரவேலுக்கு ஏற்றியிருந்தாள்.

சதாசிவம் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"தம்பி, இன்னொரு வாட்டி ஆன் பண்றீங்களா?"