பாதிச் சீட்டு

என் கணவரும் அவர் தம்பியும் கொத்தனார்கள். வாரம் ஒரு லாட்டரிச் சீட்டைக் கூட்டாக வாங்குவார்கள். ஒருவரை ஒருவர் ஏமாற்றக் கூடாது என்று அதை நடுவில் கிழித்து ஆளுக்குப் பாதி வைத்துக்கொள்வார்கள்.

“பரிசு விழுந்ததும் கல்யாணந்தான், அண்ணி” என்பான் தம்பி.

“விழாத வரைக்கும் எவளோ ஒருத்தி தப்பிச்சா” என்பார் இவர்.

ஒரு சனிக்கிழமை முதல் பரிசே விழுந்தது. மாலையில் தம்பி சுத்தியலோடு வந்தான்.

“அண்ணே, உன் பாதியக் குடு.”

இவர் அதை வாயில் போட்டு விழுங்கிவிட்டார். சுத்தியல் ஏழு முறை இறங்கியது. சமையலறை வாசலில் நின்று நான் எண்ணினேன்.

அவன் சிறைக்குப் போனான். அடுத்த சனிக்கிழமை, ஆணியில் தொங்கிய இவருடைய வேலைச் சட்டையைத் துவைக்க எடுத்தேன். பையில் அந்த வாரத்துப் புதுச் சீட்டின் பாதி ஈரமாக இருந்தது. பதினொரு வருடங்களாக ஒரு சனிக்கிழமையும் தவறவில்லை. நான் முடிவுகளைப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவைத்தேன்.

நேற்று தம்பி விடுதலையாகி வந்தான். முழுக்க நரைத்திருந்தான். கையில் ஒரு துணிப்பை.

“வாராவாரம் ஒரு பாதி என் தலகாணிக்கு அடியில இருந்துச்சு, அண்ணி. மீதிப் பாதி உங்ககிட்டதான இருக்கு?”

டப்பாவைக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொருத்தினான். கிழிசல்கள் மயிரிழை பிசகாமல் சேர்ந்தன.

“பசை இருக்கா, அண்ணி?”

“இரு தம்பி, எடுத்துட்டு வரேன்.”

இவருடைய சாந்து பூசும் கரணையும் சுத்தியலும் கதவுக்குப் பின்னால் அப்படியே இருந்தன. அவன் தலை நிமிரவில்லை. இந்த முறையும் எண்ணினேன். ஏழு.

இன்று சனிக்கிழமை. சட்டைப் பையில் கிழிக்காத முழுச் சீட்டு இருக்கிறது.