சத்தமில்லாத சாப்பாட்டுக் கூடம்

இந்தப் பள்ளிக்கூடம் வேண்டாம் என்று ரொவீனா முடிவெடுத்தபோது, அவள் தட்டில் இருந்த சாசேஜ் பாதிகூடக் குறையவில்லை.

அதுவரைக்கும் எல்லாம் பிடித்துத்தான் இருந்தது. இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் குன்றுகளுக்கு நடுவே பழைய மாளிகை, கண்ணுக்கெட்டிய வரை புல்தரை, குதிரை லாயத்தை மாற்றிக் கட்டிய நூலகம். கூரையை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்தது.

அவளும் கணவன் அலஸ்டரும் மகனுக்காகப் பார்க்கிற நாலாவது பள்ளி இது. எட்டு வயது ஐவோ வாய் ஓயாத பிள்ளை. தூக்கத்தில்கூடக் கேள்வி கேட்பான். இப்போது படிக்கிற இடத்தில் அவனை வாரத்தில் மூன்று நாள் சுவரைப் பார்த்து உட்கார வைக்கிறார்கள். அவனைப் பேச விடுகிற ஒரு பள்ளிக்காகத்தான் இந்த அலைச்சல்.

சாப்பாட்டுக் கூடத்தில் நூற்று நாற்பது பையன்கள். ஒரு சத்தம் இல்லை. ரொட்டி வேண்டுமென்றால் கையைக் காட்டினார்கள். ஸ்பூனைக்கூடப் பூப்போல வைத்தார்கள்.

வாசலிலேயே ஒரு பையன் ஐவோவின் தோளில் கைபோட்டு, காதில் என்னமோ சொன்னான். அவ்வளவுதான். ஐவோ பெஞ்சில் போய் உட்கார்ந்தான். இருபது நிமிஷம் வாயே திறக்கவில்லை.

ரொவீனா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

வெளியே வந்ததும் அலஸ்டர், "பார்த்தியா, என்ன கட்டுப்பாடு! ராணுவம் தோத்துடும்" என்றான்.

"கட்டுப்பாடா? நம்ம பிள்ளையை இருபது நிமிஷத்துல பயமுறுத்தி உட்கார வெச்சுட்டாங்க, அதைப் பார்த்தியா?"

மைதானத்துக்கு ஓடிய பையன்கள் வெளிக்காற்று பட்டதுமே 'ஓ'வென்று கூச்சல் போட்டார்கள்.

"கேளு. அடைச்சு வெச்சிருந்த பேச்சு எப்படிக் கொட்டுது பாரு" என்றவள், மகனிடம் குனிந்தாள். "அந்தப் பையன் உன்கிட்ட என்னடா சொன்னான்? மிரட்டினானா?"

"இல்லைம்மா."

"பின்னே?"

"சொல்ல மாட்டேன். சத்தியம் பண்ணியிருக்கேன்."

பிறந்த நாள் பரிசைக்கூட ஒரு மணி நேரம் ரகசியமாக வைத்திருக்கத் தெரியாத பிள்ளை! ரொவீனா நேரே தலைமையாசிரியர் பெல்லமியின் அறைக்குப் போனாள். அலஸ்டர் பின்னாலேயே ஓடினான்.

"மன்னிக்கணும் சார். சாப்பிடற நேரத்துல குழந்தைங்க வாயைக் கட்டறது பள்ளிக்கூடம் இல்லை, ஜெயில். எங்களுக்கு வேண்டாம்" என்று நிரப்பாத சேர்க்கைப் படிவத்தை மேஜையில் வைத்தாள்.

பெல்லமியின் முகம் சிவந்தது. "அது நான் போட்ட சட்டம் இல்லைங்க, மேடம்."

"அப்போ யார்? நிர்வாகமா?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"செப்டம்பர்ல ஒரு பையன் சேர்ந்தான். பேரு மட்டும் கேட்காதீங்க. ரெண்டு காதுலயும் கேட்கறதுக்குக் கருவி. அது பேச்சை மட்டுமா பெரிசாக்கும்? ஸ்பூன் சத்தம், பெஞ்சு இழுக்கற சத்தம், கூச்சல், எல்லாம் காதுக்குள்ள கல்லா விழும். பழைய ஸ்கூல்ல நர்ஸ் ரூம்ல தனியாத்தான் சாப்பிடுவான்னு, இடம் பார்க்க வந்தப்போ அவங்கம்மா சொன்னாங்க. சுத்திக் காட்டின மாணவன் அதைக் காதுல வாங்கி மத்த பசங்ககிட்ட சொல்லியிருக்கான்."

ரொவீனா நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முதல் நாள் மத்தியானம் கூடத்துக்குள்ள போறேன், நிசப்தம். யாரோ செத்துட்டாங்களோன்னு பயந்துட்டேன். யாரு சொன்னதுன்னு கேட்டா ஒருத்தனும் வாய் திறக்கலை. கண்டுபிடிக்கவே எனக்கு மூணு நாளாச்சு. இருபத்தாறு வருஷமா 'அமைதி, அமைதி'ன்னு கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம். இவங்க ஏழு மாசமா ஒரு வேளைகூடத் தவறலை. புதுசா யார் வந்தாலும் வாசல்லயே காதுல சொல்லிடறாங்க."

அலஸ்டர் ஜன்னல் வழியே மைதானத்தைப் பார்த்தான். சேற்றில் புரண்டு கத்துகிற சாதாரணப் பையன்கள். அவர்களுக்கு நடுவே ஐவோ, கையை ஆட்டி ஆட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான்.

ரொவீனா படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள்.

"அந்தப் பையனுக்கு இது தெரியுமா சார்?"

"தெரியாது" என்று பெல்லமி சிரித்தார். "போன வாரம் நேரா இங்கே வந்து, உங்களை மாதிரியே என்கிட்ட சண்டை போட்டான். 'சாப்பிடும்போது பேசக் கூடாதுன்னு இது என்ன சார் கொடுமை? எனக்குப் பரவாயில்லை, சௌகரியமா இருக்கு. பாவம் சார் மத்த பசங்க!'"